முற்றுகை போட்டு, சாமானை மறிச்சு யாராவது உண்மையா யுத்தம் வெண்டிருக்கினமா?

ஆரியகுளத்தடி:

வணக்கம் எல்லாருக்கும். அடுத்த மாசம் எங்கட பள்ளிக்கூடத்தில விவாதம் ஒண்டு இருக்கு, தலைப்பு "குண்டுவீச்சை விட முற்றுகை மனிதாபிமானமானது". என்னை எதிர்த்துக் கதைக்கிற பக்கத்தில போட்டிருக்கினம். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுது, ஏனெண்டா ஒரு இடத்தில சாமானை மறிச்சா எதிரி தானா இறங்கி வருவான், உயிரிழப்பும் குறைவு எண்டு எழுதியிருக்கு, அடுத்த இடத்தில ஜேர்மன் ஆமி சுத்தி நிண்ட ரஷ்ய நகரம் லெனின்கிராட்டில 1941 கடைசியில வேலைக்குப் போகாத ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் பாண்தான் எண்டு இருக்கு, அதிலயும் பாதி கலப்படம். வீட்டில கேட்டா 90ஆம் ஆண்டு அரசாங்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சாமான் தடை போட்ட எங்கட கதையைச் சொல்லினம், அதுவும் வேணும்தான் ஆனா உலகத்துக் கதையோட அதை எப்பிடிச் சேர்க்கிறது எண்டு விளங்கேல்ல. உதால உண்மையா வெண்டிருக்கினமா, சட்டம் இதுக்கு இடம் குடுக்குதா, எங்கட தடையும் அதுக்குள்ள வருமா எண்டு தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

வடமராட்சி வாத்தியார்:

தம்பி, நல்ல தலைப்பு. பாடம் படிப்பிச்ச ஆள் எண்டபடியா கொஞ்சம் நீளமா எழுதுறன்.

முதல்ல எங்கட ஊரில இருந்தே தொடங்கலாம். 1658இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை மூண்டு மாசத்துக்கு மேல சுத்தி நிண்டுதான் போர்த்துக்கேயரிட்ட இருந்து எடுத்தவை. அதுக்கு முதல் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில தண்ணிக்குள்ள நிக்கிற கடற்கோட்டை, அது விழுந்தது உள்ள இருந்தவைக்குக் குடிதண்ணி இல்லாமப் போனதால. பேந்து 1990இல ஜூன் மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் அதே யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஆமி அடைபட்டுக் கிடந்தது, சுத்தி நிண்டது இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள். அந்த நேரமே குடாநாட்டுச் சனம் முழுக்க அரசாங்கம் போட்ட வேறொரு முற்றுகைக்குள்ள. உள்ளுக்க ஒரு முற்றுகை, வெளியில ஒரு முற்றுகை. அதால இது ஒரு பக்கத்தின்ர ஆயுதம் எண்டு மட்டும் மேடையில சொல்லிப்போடாத, 2006 ஜூலையில மாவிலாற்று மதகைப் பூட்டித் தண்ணியை மறிச்சது இயக்கம்தான், வயல்காரர்தான் தவிச்சவை.

இப்ப வெண்டினமோ எண்டு கேட்டாய். எல்லாரும் காட்டுற உதாரணம் முதலாம் உலகயுத்தம். 1914இல இருந்து பிரிட்டிஷ் கடற்படை வடகடலை மறிச்சு ஜேர்மனிக்குப் போற கப்பலெல்லாத்தையும் திருப்பினது, சாப்பாட்டையும் தடை லிஸ்ட்டில சேர்த்தது, ஒல்லாந்து டென்மார்க் மாதிரி நடுநிலை நாடுகளுக்குள்ளால கள்ளமாப் போகாமல் அவைக்கும் அளவு வைச்சது. ஜேர்மனிக்கு சிலியில இருந்து வந்த வெடியுப்பும் நிண்டு போச்சு. அதில வெடிமருந்தும் செய்யலாம், உரமும் செய்யலாம். காற்றில இருக்கிற நைதரசனில இருந்து அமோனியா எடுக்கிற ஹேபர் பொஸ்ச் முறை அவையிட்ட இருந்தது, அதால வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு வராமல் சமாளிச்சவை. வயலுக்குத்தான் உரம் காணாமப் போனது. 1916இல உருளைக்கிழங்கும் பிழைச்சுப்போக அந்த மாரி முழுக்க நகரத்துச் சனம் மாட்டுக்குப் போடுற ரேணிப் கிழங்கைத் திண்டு கிடந்ததுகள். இதை நல்லாக் கவனி, துவக்குக்கு வழி கண்டுபிடிச்சவை, சட்டிக்குக் கண்டுபிடிக்கேல்ல. செத்த பொதுசனம் ஏழரை லட்சத்துக்கும் மேல எண்டு ஜேர்மன் கணக்கு, பிறகு ஆராய்ஞ்சவை அதைக் குறைச்சுச் சொல்லுகினம் ஆனா லட்சக்கணக்கு எண்டதில ஆருக்கும் சந்தேகம் இல்லை.

இன்னும் ஒண்டு. 1918 நவம்பர் 11இல சண்டை நிண்டுது. முற்றுகை நிக்கேல்ல! ஒப்பந்தத்தில கையெழுத்து வாங்கிறதுக்காக 1919 ஜூலை வரைக்கும் வைச்சிருந்தவை, சாப்பாட்டுக் கப்பலே மார்ச்சுக்குப் பிறகுதான் உள்ள போகத் தொடங்கினது. துவக்குச் சத்தம் இல்லாத நேரத்தில பட்டினியால செத்த பிள்ளையளை எந்தக் கணக்கில எழுதிறது? குண்டுவீச்சை விட மனிதாபிமானம் எண்டு சொல்லுற பக்கத்திட்ட இதைத்தான் நீ முதல்ல கேக்க வேணும்.

வெற்றி எண்டு பார்த்தா, முற்றுகை தனிய வெண்ட யுத்தத்தைத் தேடித்தான் பிடிக்க வேணும். 1945இல யப்பானுக்கு எண்ணெயும் அரிசியும் வராமல் நீர்மூழ்கியாலயும் கண்ணிவெடியாலயும் மறிச்சது பெரிய அடிதான், தீவு எண்டபடியா பின்கதவு இல்லை, ஆனா அங்கயும் கூடவே மற்றதெல்லாம் நடந்தது. நெப்போலியன் 1806இல ஐரோப்பா முழுக்கப் பிரிட்டிஷ் சாமானுக்குத் தடை போட்டார், கடல் அவரிட்ட இல்லை, கள்ளக் கடத்தல் கூடினதுதான் மிச்சம், ரஷ்யா கேக்காமல் விட்டதும் 1812இல படையெடுத்துப் போறதுக்கு ஒரு காரணமாப் போச்சு. லெனின்கிராட் 872 நாள் கிடந்தும் விழேல்ல, உறைஞ்ச லடோகா ஏரிக்கு மேலால லொறி விட்டவை. நைஜீரியாவில இருந்து பிரிஞ்சு நிண்ட பியாப்ரா விழுந்தது, 1968 மே மாசம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் போனதோட கடல் வழி முடிஞ்சுது, பிறகு ஊலி எண்ட இடத்தில றோட்டையே ஓடுபாதையாக்கி ராவில பிளேன் இறக்கினவை, 1970 ஜனவரியில எல்லாம் முடியிறதுக்கிடையில செத்தவையில கூடப்பேர் பிள்ளையள்.

கோண்டாவில் அக்கா:

வாத்தியார் உலகக் கதை சொல்லிட்டார். தம்பி நீர் வீட்டில கேட்ட கதையை நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தில இருந்து சொல்லுறன், நான் அந்தக் காலம் வாட்டில வேலை செய்த ஆள்.

90 ஜூனுக்குப் பிறகு கரண்ட் இல்லை. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, உரம் எல்லாம் குடாநாட்டு வாசலான ஆனையிறவுக்கு இஞ்சால வரேலாது, மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் வரும், சவுக்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு. பிள்ளையள் ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சுத் திரி போட்ட விளக்கில படிச்சதுகள், றேடியோ கேக்கிறதுக்கு சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தினவை, மோட்டசைக்கிள் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினது. உதையெல்லாம் இப்ப கனபேர் எங்கட கெட்டித்தனம் எண்டு பெருமையாக் கதைக்கினம், எனக்கு உதைக் கேக்க வயிறெரியும். பிள்ளை விளக்கில படிச்சது உண்மை, ஆனா அதே நேரம் தொய்வுக்காரருக்கு மருந்து இல்லை, சீனி வருத்தக்காரரின்ர இன்சுலினைக் குளிரா வைச்சிருக்க மண்பானையும் ஈரமணலும், எக்ஸ்றே எடுக்கிறதெண்டா ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கோ எண்டு பார்த்துத்தான். குண்டுபட்டுச் செத்த ஆளை எல்லாருக்கும் தெரியும், பேர் எழுதி வைச்சிருக்கு. மருந்து பிந்தினதால போன ஆளுக்குச் சாவுப் பத்திரத்தில வருத்தத்தின்ர பேர்தான் எழுதியிருக்கும். அதால முற்றுகையில செத்தவையை எண்ணவே ஏலாது தம்பி. குறைவாச் செத்தவை எண்டு மற்றப் பக்கம் சொன்னா உதைத்தான் சொல்லும்.

றெட் குறோஸ் இல்லாட்டி நிலைமை இன்னும் மோசம். 90 கடைசியில பெரியாஸ்பத்திரியைச் சுத்திப் பாதுகாப்பு வலயம் எண்டு ரெண்டு பக்கத்தோடயும் கதைச்சு வாங்கினது அவைதான், மருந்துக் கப்பலும் அவையின்ர கொடியோட வந்ததாலதான் தப்பினது. பிறகு 2006 ஓகஸ்ட் 11இல குடாநாட்டுக்கு வாற தரைப்பாதையை முகமாலையில பூட்டினாப்போல திரும்பவும் அதே கதை. ஆறு லட்சம் சனம் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருந்தது, சங்கக்கடையில கூப்பன் காட்டி வரிசை, சீனி விலை கேட்டா தலை சுத்தும். இந்த முறை குடாநாடு அரசாங்கத்தின்ர கட்டுப்பாட்டிலதான் இருந்தது எண்டதையும் சொல்ல வேணும், அப்பவும் அனுபவிச்சது சனம்தான்.

மானிப்பாயான்:

அக்கா சொன்னதை நான் மறுக்கேல்ல, எங்கட வீட்டிலயும் அதே கதைதான். ஆனா விவாதத்துக்குப் போற பிள்ளைக்கு மற்றப் பக்கத்தின்ர நியாயமும் தெரிஞ்சிருக்க வேணும், இல்லாட்டி மேடையில தடுமாறும். சண்டை பிடிக்கிற ஒரு அரசாங்கம் எதிரியின்ர கட்டுப்பாட்டுப் பகுதிக்கு டீசலும் பற்றறியும் யூரியாவும் தாராளமா விடுமோ? பற்றறியில மிதிவெடியும் வெடிக்கும், யூரியாவில குண்டும் செய்யலாம், டீசலில கடற்புலியின்ர போட்டும் ஓடும். ஆயுதத்துக்குப் போறதை மறிக்கிறது எல்லா யுத்தத்திலயும் நடக்கிறது, அதைச் செய்யாத நாடு உலகத்தில இல்லை. முற்றுகை வேண்டாம் எண்டா அடுத்த வழி என்ன, நேரா உள்ள இறங்கி அடிக்கிறதுதானே, அதில இன்னும் கனபேர் சாவினம். இந்தக் கேள்விக்குப் பதில் வைச்சிருக்காமல் மேடைக்குப் போகாதேங்கோ.

சட்டக்கொப்பி:

மானிப்பாயான் அண்ணை கேட்டது நியாயமான கேள்வி, சட்டமும் கிட்டத்தட்ட அந்த இடத்திலதான் தடுமாறுது. கம்பஸில படிச்சதைச் சுருக்கமாச் சொல்லுறன்.

கடல் முற்றுகை சட்டப்படி தடை இல்லை. 1856 பாரிஸ் பிரகடனத்திலயே விதி வந்திட்டுது, சும்மா பேப்பரில அறிவிச்சா காணாது, உண்மையாக் கப்பல் நிறுத்தி மறிக்க வேணும் எண்டு. அறிவிக்க வேணும், எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஒரே மாதிரி நடக்க வேணும், நடுநிலை நாட்டுத் துறைமுகத்தை மறிக்கேலாது. இதில எங்கையாவது சனத்தின்ர வயிறு வருதா பாருங்கோ, வராது. அது கப்பல்காரரையும் வியாபாரியையும் காப்பாத்த எழுதின சட்டம். பட்டினி எண்ட விஷயம் மிச்சம் பிந்தித்தான் வந்தது. 1949 நாலாவது ஜெனீவா உடன்படிக்கையில 23ஆம் உறுப்புரை மருந்தை விடு, 15 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அத்தியாவசியச் சாப்பாட்டை விடு எண்டு சொல்லுது, ஆனா உடனேயே ஒரு ஓட்டை, எதிரியின்ர கைக்குப் போயிடும் எண்டு நினைக்க வலுவான காரணம் இருந்தா விடத் தேவையில்லை. அந்தக் காரணம் இருக்கோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிறது ஆர்? மறிச்சுக்கொண்டு நிக்கிற அதே ஆள்! பொதுசனத்தைப் பட்டினி போட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது எண்டு நேராச் சொன்னது ஜெனீவா உடன்படிக்கையளுக்கு 1977இல வந்த மேலதிக நெறிமுறைகள், இலங்கை அதில கையெழுத்து வைக்கேல்ல. கடல் யுத்தச் சட்டத்தைத் தொகுத்து 1994இல வந்த சான் ரெமோ கையேடும் சனத்தைப் பட்டினி போடுறது மட்டும்தான் நோக்கமெண்டா, இல்லாட்டி இராணுவ லாபத்தை விடச் சனத்துக்கு வாற பாதிப்பு மிஞ்சிப் போச்செண்டா அந்த முற்றுகை சட்டவிரோதம் எண்டு சொல்லுது.

எங்கட தடை இதுக்குள்ள வருமோ எண்டால், அரசாங்கம் அதை முற்றுகை எண்டு ஒருநாளும் அறிவிக்கேல்ல. சொந்த நாட்டுக்குள்ள அவசரகால விதிகளால சாமானைக் கட்டுப்படுத்திறம் எண்டுதான் வைச்சிருந்தது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1861இல ஆப்ரஹாம் லிங்கன் தெற்கு மாநிலங்களின்ர துறைமுகங்களுக்கு முற்றுகை எண்டு அறிவிச்சாப்போல பிரிட்டன் அடுத்த மாசமே நாங்கள் நடுநிலை எண்டு அறிவிச்சிட்டுது, அப்பிடியெண்டா தெற்குக்காரர் வெறும் கலகக்காரர் இல்லை, யுத்தத்தில ஒரு தரப்பு எண்டு ஆகிப்போச்சு. எந்த அரசாங்கம் தன்ர உள்நாட்டு எதிரிக்கு அந்த இடத்தைக் குடுக்கும்? அதால உள்நாட்டு யுத்தத்தில முற்றுகை நடக்கும், முற்றுகைச் சட்டம் நடக்காது. எனக்கு இதிலதான் கூடக் கோபம் வாறது.

தோஹாவில இருந்து சுதன்:

நான் கத்தாரில வேலை, ஊர் சாவகச்சேரி. 2017 ஜூன் 5 சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நாலும் சேந்து கத்தாரை மறிச்ச நேரம் இஞ்சதான் நிண்டனான். தரைப்பாதை ஒண்டே ஒண்டு, அது சவூதிக்குள்ளால, அதைப் பூட்டினவுடன சூப்பர்மார்க்கெட்டில பால் தட்டெல்லாம் வெறுமை. எங்கட ஆக்கள்தான் முதல் ஆளா அரிசி, பருப்பு, ரின்மீன் எண்டு மூட்டை மூட்டையா அடுக்கினது, மற்ற நாட்டுக்காரர் என்ன இவங்கள் இப்பிடிப் பயப்பிடுறாங்கள் எண்டு பார்த்தாங்கள். ஆனா கிழமைக்குள்ள துருக்கியில இருந்து பிளேனில பால் வந்திட்டுது, ஈரான் பழமும் மரக்கறியும் அனுப்பினது, பிறகு மாட்டையே பிளேனில ஏத்திக் கொண்டு வந்தவை! அந்த செப்டெம்பரே ஹமாத் துறைமுகத்தைத் திறந்து கப்பலை நேரா எடுத்தவை. அல்ஜசீராவைப் பூட்டு, துருக்கித் தளத்தை மூடு எண்டு 13 கோரிக்கை வைச்சவை, ஒண்டும் நடக்கேல்ல, 2021 ஜனவரியில தாங்களே வந்து திறந்தவை. இதில என்ன விளங்குது எண்டா காசும் கடலும் கூட்டாளியும் இருக்கிறவனுக்கு முற்றுகை ஒரு கரைச்சல், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்கு இந்த மூண்டில எது இருந்தது.

வடமராட்சி வாத்தியார்:

சுதன் சொன்ன கூட்டாளி விஷயத்தில ஒண்டு சேர்க்க வேணும். முற்றுகை நீண்டா மூண்டாவது ஆள் உள்ள வராமல் விடமாட்டான். பிரிட்டனைத் திருப்பி மறிக்கிறம் எண்டு ஜேர்மனி 1917 பெப்ரவரியில எல்லாக் கப்பலையும் தாக்கத் தொடங்க, ஏப்ரலில அமெரிக்கா யுத்தத்துக்கு வந்திட்டுது. 1948 ஜூனில ஸ்டாலின் மேற்கு பேர்லினை மறிக்க, அமெரிக்கனும் பிரிட்டிஷ்காரனும் பிளேனில 23 லட்சம் தொன் சாமான் கொண்டுவந்து கொட்டினவை, அதில கூடுதலா இருந்தது நிலக்கரிதான், 1949 மே 12இல ஸ்டாலின் விட்டார். எங்கட ஊரில 1987 எல்லாருக்கும் தெரியும், அப்பவும் குடாநாட்டுக்குச் சாமான் மறிபட்ட நேரம், ஜூன் 3 இந்தியாவில இருந்து வந்த படகுகளை இலங்கை நேவி திருப்பி அனுப்பினது, அடுத்த நாளே மிராஜ் சண்டை விமானம் காவலுக்கு வர அன்ரனோவ் சரக்கு விமானத்தில பருப்பும் அரிசியும் வானத்தில இருந்து விழுந்தது. கிட்டத்தட்ட 25 தொன்தான், குடாநாட்டுக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. ஆனா ஜூலை 29 ஒப்பந்தம், பிறகு இந்தியன் ஆமி, பிறகு நடந்ததெல்லாம் அந்த வழியால வந்ததுதானே.

மானிப்பாயானுக்கும் ஒரு பதில். டீசலை மறிச்சா இயக்கத்தின்ர போட் நிக்கும் எண்டது கணக்கில சரி. நடப்பில தட்டுப்பாடான சாமான் துவக்கு வைச்சிருக்கிறவனிட்டத்தான் முதல் போகும். 90களில குடாநாட்டுக்கு வெளியில போற கிளாலிக் கடலால சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் வந்த காலத்தில சாமானுக்கு இயக்கம் வரி எடுத்தது, இஸ்ரேல் மறிச்ச காசாவில 2007க்குப் பிறகு எகிப்து எல்லையில ரபா சுரங்கத்தால வந்த சாமானுக்கு ஹமாஸ் வரி எடுத்தது. வெளியில இருந்து மறிக்க மறிக்க உள்ள இருக்கிற ஆயுதக்காரனில சனம் கூடத் தங்க வேண்டி வருது. பலவீனப்படுத்த வேண்டிய ஆளை அது பலப்படுத்திப்போடுது, இது என்ர உறுதியான அபிப்பிராயம்.

ஆரியகுளத்தடி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, நான் கொப்பியில எழுதிக்கொண்டிருக்கிறன். சேர் ஒரு கேள்வி, மானிப்பாயான் அண்ணை கேட்டதைத்தான் நடுவரும் கேப்பார் எண்டு நினைக்கிறன். சனத்தைப் பட்டினி போடாமல் ஆயுதத்தை மட்டும் மறிச்ச முற்றுகை எங்கையாவது நடந்திருக்கா?

வடமராட்சி வாத்தியார்:

இருக்கு தம்பி, கியூபா 1962 ஒக்டோபர். சோவியத் அங்க ஏவுகணை வைச்ச நேரம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கடலில மறிச்சது தாக்குதல் ஆயுதத்தை மட்டும்தான். சோவியத் பேர்லினில செய்த மாதிரி உயிர்வாழத் தேவையான சாமானை நாங்கள் மறிக்கேல்ல எண்டு அந்தப் பேச்சிலயே சொன்னவர். ஒரு மாசத்துக்குள்ள எடுத்தும் போட்டாங்கள். ஆக லிஸ்ட்டைச் சின்னனா வைச்சிருக்க ஏலும்.

கோண்டாவில் அக்கா:

அது ஒரு மாசம் எண்டபடியா சின்னனா நிண்டுது வாத்தியார். வருசக்கணக்கா இழுபட்டா லிஸ்ட் தன்ர பாட்டில நீளும். காசாவுக்கு 2010 நடுப்பகுதி வரைக்கும் சொக்கிலேற், மல்லிகூட விடேல்ல, மல்லியில என்ன ஆயுதம் செய்யிறது? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி காணும் எண்டு இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சு 2008இல போட்ட கணக்கும் கோட்டுக்குப் போனதாலதான் 2012இல வெளியில வந்தது. அது வெறும் வரைவு, பாவிக்கேல்ல எண்டு அவை சொன்னவை. ஆனா ஒரு கந்தோரில இருந்து இன்னொரு சனத்தின்ர பசியைக் கணக்குப் போடத் தொடங்கினதே எனக்குக் காணும். சட்டக்கொப்பி, இப்பவாவது இதுக்குத் தண்டனை எண்டு ஏதும் இருக்கோ?

சட்டக்கொப்பி:

எழுத்தில இருக்கு அக்கா. பட்டினியை ஆயுதமாப் பாவிக்கிறதைக் கண்டிச்சு 2018இல பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானம் போட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின்ர ரோம் சட்டத்தில நாடுகளுக்கிடையிலான யுத்தத்தில அது முந்தியே குற்றம், உள்நாட்டு யுத்தத்துக்கும் சேர்த்தது 2019இலதான், அதுவும் அந்தத் திருத்தத்தை ஏற்ற நாடுகளுக்கு. இலங்கை ரோம் சட்டத்திலயே சேரேல்ல. தம்பி, இந்த 2019 எண்ட ஆண்டை மேடையில கட்டாயம் சொல்லும், எங்கட 90ஆம் ஆண்டுத் தடை தொடங்கி 29 வருசத்துக்குப் பிறகு.